வீடு புகாத காற்று

தலைமை ஏற்று அமர்பவன் எட்டுத் தேவர்களைத் தன் உடம்பில் தாங்கவேண்டும் என்பது பழைய மொழி. இந்திரனாய்ப் பொழியவேண்டும். யமனாய், வேண்டியவர் வேண்டாதவர் என்னாது தண்டிக்கவேண்டும். கதிரவன் நீரை உறிஞ்சுமாப்போல மெல்ல வாங்கவேண்டும். திங்களாய் முகம் குளிர்ந்திருக்கவேண்டும். வாயுவாய் எல்லார் வீட்டுள்ளும் ஓசையின்றிப் புகுந்து உள்ளது உணரவேண்டும். குபேரனாய் அளவறிந்து துய்க்கவேண்டும். வருணனாய்த் தீமையைக் கட்டவேண்டும். அக்கினியாய்ப் பகையை எரிக்கவேண்டும். மாதே விரஜா இந்த எட்டு விரதங்களையும் பாலித் தீவின் தென்பசார் நகரத்து விடுதி மண்டபம் ஒன்றில், நூற்றிருபது அரசு அதிகாரிகளுக்கு, திரையில் வண்ணப்படங்கள் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

கடற்கரை விடுதிகளில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். ஓய்வு பெற்ற ஆண்டிலேயே புக்கிட்சாரி ஊரார் ஒருமனதாக அவரைத் தங்கள் பெந்தேசாவாக, ஊர்வழக்குக் காக்கும் தலைவராகத் தேர்ந்தார்கள். அன்றுமுதல் அவருடைய சொற்பொழிவுக்கு மதிப்பு இருமடங்கானது. சொல்பவர் பலர், சொன்னபடி ஓர் ஊரை ஆள்பவர் அவர் ஒருவரே என்று அழைப்பிதழ்களில் அச்சிட்டார்கள்.

யமனின் படம் திரையில் வந்தபோது அவர் வழக்கம்போல் சற்று நிறுத்தினார்.

"இதுக்கு மேற்கோள் எதுவும் சொல்லப்போறதில்ல. எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன். கோயில் ஊழியத்துக்கு மூணு தடவை காரணம் சொல்லாம வராதவனை ஊர்விலக்கு பண்ணணும்னு எங்க ஊர்ச் சட்டம். நான் பதவிக்கு வந்த ஏழாவது மாசம் ஒருத்தன் மாட்டினான். கூப்பிட்டுக் கேட்டா, 'ஆமா, வண்டி ஓட்டப் போயிட்டேன்'ங்கறான். அன்னைக்குக் கோயில் கூரைக்கு ஊரே புல் வேயுது, இவன் சானூர் கடற்கரையில வெள்ளைக்காரனுக்குக் கார்க்கதவு திறந்துவிட்டுக்கிட்டு நிக்கறான். அவன் யாரு தெரியுமா? என் சொந்தத் தங்கச்சி புருஷன். என்ன பண்ணேன்? மரமுழவை அடிச்சு ஊரைக் கூட்டி, நானே படிச்சேன் தீர்ப்பை."

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்த பெண் அதிகாரி ஒருவர் கை உயர்த்தினார்.

"உங்க தங்கச்சி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதுதான் அவ பெருந்தன்மை."

"நீங்க கேட்டீங்களா?"

அவையில் சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நீதிபதி வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்டா, அப்புறம் அது நீதி இல்லம்மா" என்றார். அந்த அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார். நேரம் குறைந்துகொண்டிருந்ததால், வாயுவின் விரதத்தை அவர் இரண்டே வரிகளில் கடந்துபோனார்.

தேநீர் இடைவேளையில் கைபேசி ஒலித்தது. தெரியாத எண், பேசியவள் ஒரு செவிலி.

"மாதே விரஜாங்களா? கோமாங் சுலாத்ரியோட அண்ணன்தானே? அவங்க வீட்டுக்காரருக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு. ரெண்டாவதா உங்க நம்பர்தான் எழுதியிருக்கு. கொஞ்சம் உடனே வரமுடியுங்களா?"

"என்ன ஆச்சு அவளுக்கு?"

"வாங்க. நேர்ல சொல்றேன்."

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. சிறுநீரகப் பிரிவில், வரிசையாய் நின்ற இயந்திரங்களில் ஒன்று மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. திரைச்சீலைக்குப் பின்னே சுலாத்ரி படுத்திருந்தாள். குருதி சுத்திகரிப்பு முடிய அரைமணி இருக்கும்போது இதயம் நின்றுவிட்டது என்று செவிலி சொன்னாள். கையில் குழாய் செருகிய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதன் மேலும் கீழும் பழைய தழும்புகள் எறும்புச்சாரைபோல் ஊர்ந்திருந்தன.

"இது எத்தனை நாளா?" என்றார் விரஜா.

செவிலி அவரை விந்தையாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? பத்து மாசமாச்சுங்க. செவ்வாய், வெள்ளி. ஒரு நாள்கூடத் தவறல. அவரே கூட்டிட்டு வருவாரு. இவங்களை மெஷின்ல போட்டதும் நாலு மணி நேரம் சவாரி பாத்துட்டு, முடியற நேரத்துக்கு வந்து நிப்பாரு."

செவ்வாய். கோயில் கூரை வேய்ந்தது செவ்வாய். மதில் பழுதுபார்த்தது வெள்ளி. திருவிழாப் பந்தலுக்கு மூங்கில் வெட்டியது மீண்டும் ஒரு செவ்வாய். மூன்று அறிவிப்புகளிலும் கையெழுத்திட்டவர் அவர்; நாளும் கிழமையும் அவர் கையாலேயே எழுதப்பட்டவை. பத்து மாதம். அவர் பதவியேற்றும் பத்து மாதம்தான் ஆகிறது.

அவருக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. பதவியேற்ற மறுவாரம், கோயில் வெளிமுற்றத்தில், படையல் தட்டைத் தலையில் ஏந்திச் சுலாத்ரி எதிரே வந்தாள். முகம் உப்பி, கன்னம் பூரித்திருந்தது. "புருஷன் நல்லாத்தான் சோறு போடறான் போல" என்று அவர் கேலி செய்தார். அவள் சிரித்து, "ஆமா பிலி, உக்காந்து சாப்பிடறேன்ல" என்றாள். பிலி என்பது அந்த ஊரார் அண்ணனை அழைக்கும் சொல். போகும்போது, "இனிமே எங்க வீட்டுப் பக்கம் அடிக்கடி வராதீங்க பிலி. தலைவரு தங்கச்சி வீட்டுலயே கிடக்கறாருன்னு ஊர் பேசும்" என்றாள். எத்தனை நுண்ணறிவு என் தங்கைக்கு என்று அவர் மகிழ்ந்துபோனார். அதன்பின் அந்த வாசலை அவர் மிதிக்கவேயில்லை. உப்பியது வீக்கம் என்று எண்ண அவருக்குத் தோன்றவில்லை.

அவள் நோயை மறைத்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. புக்கிட்சாரியில் ஒருத்தியின் உடம்பு வீங்கினால் மருத்துவர் பெயருக்கு முன் பில்லி ஏவல் வைத்தவளின் பெயர்தான் அடிபடும். தலைவரின் தங்கைக்கு என்றால் ஊர் இரண்டுபட்டுவிடும். அதற்கும் மேலே ஒன்று: கணவன் ஊழியத்துக்கு விலக்குக் கேட்டால் கொடுக்கவேண்டியவர் அண்ணன். கொடுத்தால் அண்ணனின் தராசு சாய்ந்தது என்பார்கள்.

திரைச்சீலை விலகியது. சுலாத்ரியின் கணவன் கெந்த்ரா நின்றிருந்தான், ஓட்டுநர் சீருடையில். பிந்திவிட்டோம் என்று ஓடி வந்தவனின் மூச்சு இன்னும் அடங்கவில்லை. மனைவியைப் பார்த்தான், பிறகு விரஜாவைப் பார்த்தான்.

"ஜெரோ பெந்தேசா" என்றான். முன்னெல்லாம் பிலி என்று அழைத்தவன், அயலார் தலைவரை விளிக்கும் மரியாதைச் சொல்லால் இப்போது விளித்தான். "நீங்க எங்ககிட்டப் பேசக்கூடாது. பேசினா உங்களுக்கும் அபராதம், எங்க சாவுல கை வெச்சா விலக்கு. சட்டம் இருக்கு."

"கெந்த்ரா, எனக்குத் தெரியாதுப்பா."

"தெரியும், உங்களுக்குத் தெரியாதுன்னு. கொஞ்சம் வெளிய இருங்க. நான் இவளோட பேசணும்."

இந்தக் கெந்த்ராதான் ஊரின் பாடற்குழுவில் பழஞ்செய்யுளைப் பாடுபவன். அவன் ஓர் அடி பாடுவான். விரஜா அதற்குப் பொருள் சொல்லுவார். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். எட்டு விரதங்களையும் விரஜா முதன்முதலில் செவியுற்றது அந்தக் குரலில்தான். ஊர்ச்சபையில் தீர்ப்பு நாளன்று அதே குரல், "ஆமா, வண்டி ஓட்டினேன், உண்மைதான்" என்பதோடு நின்றது. ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். துணைத்தலைவர் சாத்ரா அன்று காலையில்கூட, "தீர்ப்புக்கு முன்னாடி ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்துரலாமே ஜெரோ" என்று கேட்டார். போனால் சார்பு என்று மறுத்தவர் விரஜா.

அன்று பிற்பகலே அவர் ஊருக்குத் திரும்பிச் சாத்ராவைச் சபை மண்டபத்துக்கு வரவழைத்தார். சாத்ரா நெல் உலர்த்திக்கொண்டிருந்தவர். காலில் உமி ஒட்டியபடியே வந்தார். நடந்ததைக் கேட்டுத் தூணோரம் உட்கார்ந்தார்.

"விலக்கை எடுக்கணும். இப்பவே முழவு அடிக்கச் சொல்லுங்க" என்றார் விரஜா.

"அடிக்கலாம் ஜெரோ. செல்லாது."

"நான் தலைவன்."

"தலைவன்தான். மூணு நாள் முன்னறிவிப்பு இல்லாத கூட்டம் கூட்டமே இல்லன்னு எழுதினது யாரு? விலக்கப்பட்டவன் தானே படையல் கொண்டுவந்து மன்னிப்புக் கேக்கணும்னு எழுதினது யாரு? போன மாசம் சுகர்த்தா தம்பியோட விலக்கை எடுக்கச் சொல்லி அவங்க அப்பா வந்து அழுதாரே, 'ஒரு வரி சாஞ்சா மொத்தச் சட்டமும் சாஞ்சுரும்'னு சொல்லி அனுப்பினீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"சாத்ரா, என் தங்கச்சி."

"அதைத்தான் ஜெரோ நானும் அன்னைக்குச் சொன்னேன். உங்க தங்கச்சி வீடு, போய்ப் பாருங்கன்னு." அவர் எழுந்தார், குரல் தணிந்தது. "ஊர்ல யாருக்கும் கெந்த்ரா மேல வெறுப்பு இல்ல. ஆனா பயம் இருக்கு. தூக்கப் போனவனுக்கும் விலக்குன்னு இருக்கே. நாளைக்கு அவன் வீட்டுலயும் சாவு விழுந்தா? அந்தப் பயத்தை நாம சும்மா உண்டாக்கல. உக்காந்து, யோசிச்சு, டைப் அடிச்சு உண்டாக்கினோம். ஒரே வழிதான் இருக்கு. அவன் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். கேட்டா மூணு நாள்ல நான் ஊரைச் சேத்துத் தரேன். உடம்பு மூணு நாள் தாங்கும்."

மறுநாள் முற்பகலில் விரஜா தங்கையின் வீட்டுக்கு நடந்தார். சாவு வீடு என்றால் அந்த ஊரில் தெருவே நிறைந்திருக்கும். பெண்கள் ஓலை பின்னுவார்கள், ஆண்கள் பாடை கட்டிக்கொண்டே ஒருவரையொருவர் கேலி பேசுவார்கள், காப்பி தீரத் தீர வந்துகொண்டிருக்கும். இங்கே தெரு கழுவிவிட்டதுபோல் கிடந்தது. மதில்களுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது மட்டும் தெரிந்தது. கெந்த்ரா வீட்டு மதில்மேல் யாரோ சாவுச் சடங்குக்கு வேண்டிய மஞ்சள் இளநீர் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வைத்தவரின் காலடி ஓசை அடுத்த சந்தில் விரைந்து மறைந்தது.

வீட்டு முற்றத்துக் கிழக்கு மண்டபத்தில் சுலாத்ரியைக் கிடத்தியிருந்தார்கள். மகள் அயுனி பக்கத்து ஊர்ப் பூசாரியிடம் பெற்ற தீர்த்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரே கூடிப் பாடவேண்டிய பிரிவுப் பாட்டைக் கெந்த்ரா ஒருவனாய்ப் பாடியபடி மனைவியின் கூந்தலைக் கழுவினான். ஒருவர் பாட மற்றவர் மூச்சு வாங்குவதற்கென அமைந்த பாட்டு அது. மூச்சு முட்டும் இடங்களில் அவன் நின்றான். அந்த இடைவெளிகளை நிரப்ப அங்கே ஒருவரும் இல்லை.

விரஜா முற்றத்தில் நின்றார். பாட்டு முடிந்ததும் கெந்த்ரா நிமிர்ந்தான்.

"கெந்த்ரா, ஒரு வார்த்தை மட்டும் சொல்லு. ஊர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்னு. என்கிட்டக்கூட வேணாம், சாத்ராகிட்டச் சொல்லு. மூணு நாள்ல ஊரே வந்து தூக்கும். நம்ம ஊர் மயானத்துல, அம்மா எரிஞ்ச இடத்துல இவளும் எரியட்டும்."

"கேக்கறேன்" என்றான் கெந்த்ரா. "என்ன தப்புன்னு சொல்லிக் கேக்கட்டும்? நீங்க படிச்சவரு. பொருள் சொல்றவரு. எழுதிக்குடுங்க, அப்படியே படிக்கறேன்."

விரஜா வாய் திறந்தார். ஊழியத்துக்கு வராதது தப்பு என்று சொல்ல முடியவில்லை. காரணம் சொல்லாதது தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. வாழ்நாளெல்லாம் பிறருக்குப் பொருள் விரித்த நாக்கு, அந்த ஒரு வாக்கியத்தின் முதற்சொல்லைக்கூடக் கண்டுபிடிக்காமல் உலர்ந்தது.

"அப்பா" என்றாள் அயுனி, "மாமாவை உக்காரச் சொல்லுங்க."

"உக்காரலாம். அந்த வெளித்திண்டுல." கெந்த்ரா ஈரத்துணியைப் பிழிந்தான். "இவ சொல்லிட்டுப் போயிருக்கா. 'அண்ணன் ஒருவேளை வந்தா உக்காரவை, காப்பி குடு. ஆனா என்னைத் தொடவிடாதே. தொட்டா அவரு பதவி போயிரும். இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தது வீணாப்போயிரும்.' இதான் சொன்னா. போன வெள்ளிக்கிழமை, திரும்பி வரும்போது கார்ல."

"என்னைத் திட்டினாளா?"

"திட்டினா நல்லாருந்திருக்கும். சபை நடந்த அன்னைக்கு ராத்திரி நான் கத்தினேன், போய் உண்மையைச் சொல்லிடறேன்னு. காலைப் பிடிச்சுக்கிட்டா. 'இப்பப் போய்ச் சொன்னா, விசாரிக்காம தீர்ப்புச் சொன்னவர்னு அவரை ஊரே சிரிக்கும்'னா. அப்புறம் மூணு மாசம் வாசல்லயே உக்காந்திருந்தா. தெருவுல செருப்புச் சத்தம் கேட்டா நிமிந்து பாப்பா. வராதீங்கன்னு சொன்னவளும் அவதான். வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தவளும் அவதான்."

வெளியே எவர் வீட்டிலோ சேவல் ஒன்று கூவிற்று. விரஜா மெல்லப் படியேறினார். கெந்த்ரா கை நீட்டித் தடுத்தான். பிடித்துத் தள்ளவில்லை, கையைக் குறுக்கே வைத்திருந்தான், அவ்வளவே.

"தொடாதீங்க ஜெரோ. அவ வார்த்தை."

"பத்து மாசமா அவ வார்த்தையைத்தான் கேட்டேன்" என்றார் விரஜா. அவனுடைய கையைத் தாழ்த்திவிட்டு, தங்கையின் அருகே முழந்தாளிட்டு, அயுனியின் குடத்தை வாங்கி, தழும்பேறிய அந்தக் கையில் நீர் வார்த்தார். நீர் வார்க்கையில் அவருடைய தலைக்கட்டு அவிழ்ந்து தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மதிலுக்கு அப்பால் நின்றிருந்தவர்கள் பார்த்தார்கள். இரண்டு நாழிகைக்குள் செய்தி சாத்ராவுக்கு எட்டும். மூன்றாம் நாள் முழவு ஒலிக்கும். அவர் கைப்பட எழுதிய விதியை அவர் பெயர் சேர்த்துச் சாத்ரா படிப்பார். படிக்கத்தான் வேண்டும். அதில் அவருக்கு மாறுபாடு இல்லை. யமனின் விரதம் இப்போதுதான் தன் கணக்கில் சரியாக நிறைவேறுகிறது என்ற எண்ணம் எழுந்தது. எழுந்த கணமே அது அவருக்குக் கசந்தது. அந்த நிறைவால் சுலாத்ரிக்கு ஆவது என்ன? அவள் கேட்டது நீதியன்று. செருப்புச் சத்தம்.

கெந்த்ரா சற்று நகர்ந்து இடம் விட்டான். மன்னித்தான் என்று அதற்குப் பொருள் இல்லை. இருவர் கை தேவைப்படும் வேலை அது.

பத்து மணிக்கு வாடகை வண்டி வந்தது. ஊர் மயானத்தின் வாயில் விலக்கப்பட்டவருக்குத் திறவாது. மாவட்டத் தலைநகரின் பொதுத் தகன மண்டபத்தில் பதினொன்றரைக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். மூவருமாய்ச் சுலாத்ரியை வண்டியில் ஏற்றினார்கள். ஊரைக் கடக்கும் வழியில் நாற்சந்தியில் பாடையை மும்முறை சுழற்றுவது வழக்கம். கெந்த்ரா ஓட்டுநரிடம் ஏதோ சொன்னான். வண்டி அந்தச் சந்தியை மும்முறை மெதுவாக வலம்வந்து பெருவழியில் ஏறியது.

அயுனி தாயின் காலருகே அமர்ந்திருந்தாள். கெந்த்ரா முன்னிருக்கையில் இருந்தான். விரஜா தலைமாட்டில் அமர்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் தங்கையின் தலை ஆடாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வழியில் கெதேகான் ஆலமரம் தாண்டியதும் அயுனி கேட்டாள், "மாமா, இனிமே எங்க வீட்டுக்கு வருவீங்களா?"

"வரேம்மா. இனிமே அதுக்குத் தடை இல்ல. நானும் உங்க கூடத்தான்."

கெந்த்ரா திரும்பிப் பார்க்கவில்லை.

தகன மண்டபத்தில் வண்டி நின்றபோது வெயில் ஏறியிருந்தது. இரும்பு மேடைவரை பாடையை எடுத்துச் செல்ல நாற்பது அடி நடக்கவேண்டும். மூவர் மூன்று முனைகளில் நின்றார்கள். ஓட்டுநர் ஜாவாவிலிருந்து பிழைக்க வந்தவர். இத்தீவில் பல ஆண்டுகள் பிணவண்டி ஓட்டியவர். ஒழிந்துகிடந்த நான்காம் முனையையும், வந்த வழியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பாலியில ஒரு சாவுன்னா ஊரே முண்டியடிச்சுக்கிட்டுத் தூக்குமேங்க. நான் பாத்திருக்கேன். பின்னால வேற வண்டி வருதா?"

"வரல" என்றார் விரஜா.

"ஊர்க்காரங்க ஒருத்தருமா வரல?"

"வரக்கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்."

ஓட்டுநர் செருப்பைக் கழற்றி வண்டியோரம் வைத்துவிட்டு வந்து, குனிந்து, நான்காம் முனைக்குத் தோள்கொடுத்தார்.